மகள் அலைச்சறுக்கே கதி என்று கிடந்தால் பெற்றோர் என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். மகளுக்கு 15 வயது, பதினொன்றாம் வகுப்பு. கோடை விடுமுறையில் கோவளத்தில் ஐந்து நாள் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பயிற்சிக்கு அனுப்பினோம். இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருட்டோடு எழுந்து கிளம்பிவிடுகிறாள். வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் மனைவிக்குக் கடல் என்றாலே நடுக்கம். சொந்தக்காரர்கள் "பொண்ணு கறுத்துப்போச்சே" என்கிறார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு வேறு. தடுப்பதா, விடுவதா? இந்தப் பித்தை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

தடுப்பதா விடுவதா என்று மொத்தமாகக் கேட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். எந்த மாதம், எவ்வளவு உயர அலை, எந்தப் பலகை, தண்ணீரில் பக்கத்தில் யார் என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில்கள் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டால் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசலாம்.

முதலில், அவள் அங்கே என்னதான் செய்கிறாள்? படங்களில் பார்ப்பது ஆளுயர அலையும் அதன் மேல் பறக்கும் ஆளும். உண்மையில் ஒரு மணி நேரம் கடலில் இருந்தால் ஏறக்குறைய பாதி நேரம் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதில் போகும். மீதியில் பெரும்பகுதி பலகை மேல் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்துக் காத்திருப்பது. அலை மேல் நிற்கும் நேரம் நூற்றில் நாலைந்து பங்கு, அதாவது மணிக்கு மூன்று நிமிடத்துக்கு முன்னே பின்னே. ஆபத்தைத் தேடி ஓடும் பிள்ளை இவ்வளவு காத்திருப்பைத் தாங்காது. அவளைப் பிடித்து வைத்திருப்பது, நேற்று வராதது இன்றைக்கு வந்துவிட்டது என்ற ருசி.

அந்த "வந்துவிட்டது" என்ன என்று தெரிந்தால் அவள் பேச்சு உங்களுக்குப் புரியும். அலை பின்னாலிருந்து பலகையின் வாலைத் தூக்கும். அந்த நேரத்தில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு முறை துழாவ வேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்பட்டு எழுவார்கள், அலை அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு கைகள் விலா எலும்புக்குப் பக்கத்தில் பலகையில் ஊன்ற, முன்கால் இரண்டு கைகளுக்கும் நடுவில் வந்து விழ வேண்டும். பார்வை கரையில் இருக்க வேண்டும். காலைக் குனிந்து பார்த்தால் எடை முன்னால் போய் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், ஆள் தலைகுப்புற விழுவார். இத்தனையும் இரண்டு நொடிக்குள். இது உடம்பில் ஏறப் பல வாரம் ஆகும். சாப்பாட்டு மேசையில் பித்துப் பிடித்தது போல் அவள் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டு நொடியைப் பற்றித்தான்.

விடிகாலை ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையில் காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று மெல்ல வீசும். அது அலையின் முகத்தை நிமிர்த்தி வழவழப்பாக வைக்கும். வெயில் ஏறிய பிறகு கடல்காற்று திரும்பினால் தண்ணீர் கலைந்து கொந்தளிக்கும். ஆறு மணிக்குக் கடலில் இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பது பாதுகாப்புக்கும் நல்லது. எட்டரைக்குள் ஏறிவிட்டால் கடும் வெயிலும் மிச்சம்.

இனி பயம். பெற்றோர் முதலில் கேட்பது சுறா. அதைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். அடுத்தது, ஆழக் கடலுக்குப் போய்விடுவாளோ என்பது. கற்றுக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. அடிபடுவதில் பாதிக்கு மேல் அவரவர் பலகையே காரணம். பலகை மோதி முகத்தில், தலையில், காலில் வெட்டும் வீக்கமும் வரும். அடுத்து வருவது அடிமணலில் மோதுவதும் அடுத்தவர் பலகையும். எனவே உங்கள் கவலையைக் கடலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பலகைக்குக் கொடுங்கள்.

முதல் ஆண்டு முழுக்க மேல்பரப்பு மெத்தென்று இருக்கும் நுரைப் பலகைதான், எட்டு அடி அல்லது அதற்குச் சற்றுக் கூட. அடியில் மீன்துடுப்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்களும் வளையும் ரகமாக இருக்கட்டும். நண்பர்கள் ஆறு அடிக் கண்ணாடியிழைப் பலகையில் ஒயிலாகப் போவதைப் பார்த்து அவளுக்கும் ஆசை வரும். சின்னப் பலகை மிதப்பது குறைவு, அலை பிடிப்பது கடினம், மூக்கும் ஃபின்னும் கத்தி போல. பயிற்சியாளர் சொல்லும் வரை அதற்குப் பணம் தராதீர்கள்.

பலகையோடு காலைக் கட்டும் வடம், லீஷ். அதன் நீளம் ஏறக்குறைய பலகையின் நீளம் இருக்க வேண்டும். பின்காலின் கணுக்காலில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் சிறு வெட்டு ஒன்று இருந்தாலும் அந்த லீஷை மாற்றுங்கள், அங்கேதான் அறும். ஒட்டுப்பட்டையில் மணல் அடைத்து பிடி தளர்ந்திருந்தாலும் அப்படியே. லீஷ் அறுந்தால் மிதவையாக இருந்த பலகை கரைக்குப் போய்விடும், பிள்ளை நீச்சலை நம்பி நிற்க வேண்டும்.

மூன்று பழக்கங்கள் அவளிடம் இருக்கின்றனவா என்று கரையில் நின்றே பார்க்கலாம். கடலுக்குள் நடக்கும்போது பலகையை உடம்புக்குப் பக்கவாட்டில், மூக்கு கடலை நோக்கி இருக்கும்படி பிடிக்கிறாளா? தனக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தால், முழங்கால் உயர அலைகூட அதை முகத்தில் அறைந்து பல்லை உடைக்கும். விழும்போது தட்டையாக, முதுகோ பிட்டமோ முதலில் படும்படி விழுகிறாளா? ஆழம் குறைந்த இடத்தில் தலை முதலில் பாய்ந்தால் கழுத்தெலும்பு போகும். இந்த விளையாட்டில் மன்னிப்பே இல்லாத தவறு இது. மூன்றாவது, நீரிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு எழுகிறாளா? இழுபட்ட லீஷ் ரப்பர் போல் பலகையைத் திருப்பி அடிக்கும்.

அடுத்தது ரிப் என்று அவர்கள் சொல்லும் இழுப்பு நீரோட்டம். கரையில் ஏறிய தண்ணீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும் ஓட்டம் இது. விந்தை என்னவென்றால், அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவே கருத்த, உடையாத ஒரு பட்டை. "அங்கே அலை இல்லை, குளிக்கலாம்" என்று குடும்பங்கள் இறங்குவதும் அங்கேதான். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. ஒலிம்பிக் வீரரும் அதில் களைத்துப் போவார். மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். பலகையை ஒருபோதும் கழற்றி விடக் கூடாது. அலைச்சறுக்கு பழகியவர்கள் இதே ஓட்டத்தில் ஏறி உழைப்பில்லாமல் உள்ளே போவார்கள். உங்கள் மகளைக் கரையில் நிறுத்தி "இன்றைக்கு ரிப் எங்கே?" என்று கேளுங்கள். விரல் நீட்டிக் காட்டினால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்று பொருள். முழித்தால் பயிற்சியாளரிடம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

இதில் பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பலகையோடும் பயிற்சியாளரோடும் இருக்கும் நேரத்தை விட, பிறந்தநாள் என்று நண்பர்களோடு மெரினாவிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு காவலில்லாத கரையிலோ சும்மா காலை நனைக்கும் நேரம்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் கிளப்பும் நெடும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வரும்போது, நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடுகிறது. அது வந்த நாளில் யாரும் இறங்கக் கூடாது என்பதை வீட்டின் முதல் விதியாக வையுங்கள்.

அலை முன்னறிவிப்பைப் பார்க்கப் பழகுங்கள், இரண்டு எண் போதும். உயரம் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடையிலான நொடிகள் இன்னொன்று. ஒரு மீட்டர் உயரம், ஆறு நொடி என்றால் சலசலப்பு. அதே ஒரு மீட்டர், பதினான்கு நொடி என்றால் கரையில் அடிக்கும் பலம் வேறு ரகம். வீட்டில் பலரும் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு மீட்டருக்குள், நொடியும் குறைவாக உள்ள நாள் நல்லது.

பயிற்சி நிலையத்தில் என்ன கேட்பது? சான்றிதழைக் கேளுங்கள், சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றும் உயிர்காப்பு, முதலுதவிச் சான்றும் இருக்க வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமானவை இவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள் (ஐந்தாறுக்கு மேல் என்றால் நான் அனுப்ப மாட்டேன்), அவர் தண்ணீரில் நிற்கிறாரா அல்லது கரையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, "இன்றைக்குக் கடல் சரியில்லை" என்று கடைசியாக எப்போது வகுப்பை ரத்து செய்தார்கள். மூன்றாவது கேள்விக்கு "ரத்தே செய்வதில்லை சார்" என்று பெருமையாகப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பயிற்சி தருபவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் கரையின் இழுப்பும் மணல்திட்டும் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் "வேணாம்" என்றால் வேண்டாம்தான்.

நீச்சல் பற்றி ஒரு வார்த்தை. குளத்தில் நீந்தத் தெரியும் என்பது போதாது. நிற்காமல் 200 மீட்டர், பிறகு கால் படாத இடத்தில் பத்து நிமிடம் மிதப்பு, இரண்டையும் பயிற்சியாளர் கண்ணெதிரே கடலில் செய்துகாட்டினால் மட்டும், உடைந்து வெள்ளையாக வரும் நுரை அலையைத் தாண்டி உள்ளே போகலாம். அதுவரை இடுப்பளவுத் தண்ணீர்தான்.

பதின்வயது மனசு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விதிகளை எங்கே இறுக்குவது என்பது அதில் இருக்கிறது. இந்த வயதில் பரிசையும் பரபரப்பையும் தேடும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டுவிடும். நிதானிக்கச் சொல்லும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது மிக அதிகமாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. ஆக, உங்கள் மகளின் அறிவுக்குக் குறைவில்லை. அறிவு வேலை செய்யும் இடமும் செய்யாத இடமும் இருக்கின்றன. நண்பர்களோடு, பயிற்சியாளர் இல்லாமல், புதிய கரையில், யாரோ போனில் படம் பிடிக்க: இந்த நாலும் ஒன்றாகச் சேரும் நாளைத்தான் விதி போட்டுத் தடுக்க வேண்டும்.

அந்த ஆசை எப்போது வரும் என்றும் ஊகிக்கலாம். நுரை அலையில் எழுந்து நிற்கப் பழகி, உடையாத பச்சை அலையைப் பிடிக்கத் தொடங்கும்போது தன்னம்பிக்கை திறமையை முந்திவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து முதல் ஆண்டு முடிவதற்குள் இது வரும். அதுவரை விட்டுக்கொடுத்த பெற்றோர் இந்தக் கட்டத்தில்தான் விழித்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ், முதல் வாரத்தில் அலறுவார்கள், ஆறாம் மாதம் "பழகிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்காதீர்கள், அடுத்த முறை பட்டாலும் சொல்ல மாட்டாள். "எத்தனை அலை பிடிச்சே?" என்பதும் எண்ணிக்கைப் போட்டியாகிவிடும். "இன்னைக்கு எந்த அலையை வேணாம்னு விட்டே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது ஒரேயடியா மடிஞ்சு விழுற அலைப்பா, கீழ தண்ணி இல்ல" என்றோ, "முன்னாடி ஒரு ஆள் இருந்தார்" என்றோ பதில் வந்தால் அவளுடைய நிதானம் வளர்கிறது. எதையுமே விடவில்லை என்று சொன்னால், அந்த வாரம் பயிற்சியாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

உங்கள் மனைவி ஒரு நாள் கூடப் போகட்டும். ஆனால் நேராகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அலைக்கும் உயிர் போய்வரும். பலகையின் நிறத்தையும், கடலில் போடும் உடம்போடு ஒட்டிய மேல்சட்டையான ராஷ் கார்டின் நிறத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆரஞ்சு போன்ற கண்ணைப் பறிக்கும் நிறமாக வாங்குங்கள். கரையில் ஒரு படகையோ கொடிக்கம்பத்தையோ அடையாளமாக வைத்து, மகள் அதற்கு நேராக இருக்கிறாளா, ஓட்டத்தில் பக்கவாட்டில் நகர்கிறாளா என்று பார்க்கட்டும். விழுந்தவர் மீண்டும் தலைகாட்ட ஆகும் நேரத்தை மெதுவாக எண்ணிப் பார்த்தால், மணிக்கணக்காகத் தோன்றுவது நாலைந்து நொடி என்று தெரியும். நடுக்கம் இப்படித்தான் குறையும், வாயால் சொல்லும் ஆறுதலில் குறையாது.

அடிபட்டால்? வெட்டு, வீக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. தலையில் அடி மட்டும் தனி. மயக்கம் வந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, வழக்கத்துக்கு மாறான எரிச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் திரும்பக் கடலில் இறங்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, குழறினாலோ உடனே அவசரப் பிரிவு. பிறகு ஓரிரு நாள் ஓய்வு, பள்ளி, மெல்லிய நடை, ஓட்டம் என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு ஏற வேண்டும். கடல் கடைசிப் படி, மருத்துவர் சொன்ன பிறகே. தரையில் தலைசுற்றினால் உட்காரலாம், தண்ணீரில் முடியாது.

அரிதான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், புதியவர்களுக்கே வருவது என்பதால். நீண்ட நேரம் குப்புறப் படுத்து முதுகை வில்லாக வளைத்தே இருந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து பாதிப்பு வரலாம். திடீர் முதுகுவலி, கால் மரத்துப்போதல் வந்தால் "தசைப்பிடிப்பு" என்று தேய்க்காமல், அப்போதே கடலை விட்டு ஏறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவ்வப்போது எழுந்து உட்காருவதே தடுப்பு.

சில்லறை விஷயங்கள்: பெருமழைக்குப் பின் மூன்று நாள் ஆற்று முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டாம், சாக்கடை கலக்கும், காதும் வயிறும் கெடும். நீலநிறக் காற்றுப்பை போல் மிதக்கும் சொறிமீன் கொட்டினால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒட்டிய இழைகளை எடுத்துவிட்டுக் கடல்நீரால் கழுவி, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினால் மருத்துவமனை. காப்பீட்டுப் பத்திரத்தில் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று இன்றே படித்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் போவதா என்பது அவள் முடிவு, தடை ஏதும் இல்லை.

கறுப்பு பற்றிச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையதல்ல, உங்களுடையது. வெயிலில் தோல் எரிந்து உரியாமல் பார்ப்பது மட்டும் அவள் வேலை: முழுக்கை ராஷ் கார்டு, மூக்கிலும் கன்னத்திலும் துத்தநாகப் பூச்சு. "பொண்ணுக்கு எதுக்கு இது" என்பவர்களுக்கு, மாமல்லபுரத்து அலைச்சறுக்கு வீராங்கனை கமலி மூர்த்தி பெயர் போதும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது, இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வாங்கினார். அதற்காக ஒலிம்பிக் கனவை நீங்களாக அவள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். ஆசையாகப் போகும் பிள்ளையைக் கடமையாக்கி நிறுத்த அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கவலைக்குக் கடலே பாதி தீர்வு வைத்திருக்கிறது. நம் கரையில் தெற்கிலிருந்து நல்ல அலை வருவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கலங்கல் தண்ணீர். கற்றுக்கொள்பவர்கள் அந்த மாதங்களில் எப்படியும் கடலுக்குப் போகக் கூடாது. பொதுத்தேர்வு மார்ச்சில். எனவே ஏப்ரல், மே மாதங்களில் தாராளமாக விடுங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு நாள் என்று அவளோடு உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள், அதற்குப் பிறகு நீச்சல் குளம் மட்டும். அந்தத் தாளில் ஒரு விஷயம் இருக்கக் கூடாது, ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: மதிப்பெண் குறைந்தால் கடல் கிடையாது என்று எழுதாதீர்கள், முந்தின இரவு பத்து மணிக்குள் தூங்கவில்லை என்றால் கிடையாது என்று எழுதுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்குப் படிப்பும் ஓடாது, பலகையில் நிதானமும் இருக்காது. விதியை நீங்கள் ஒரு முறை மீறி "சரி, இந்த ஒரு தடவை" என்று விட்டால், அடுத்த தடவை அவள் கடலில் அதையே தனக்குச் சொல்லிக்கொள்வாள்.